கவைக்கு மேலேதான் பூக்கும்

பிப்ரவரி 10

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் மாமாவின் முழங்கால் மட்டும் சுகம் என்று சொல்ல மறுக்கிறது. நீயும் உன் பெண்டாட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம். கடிதமென்றால் பதில் வருவதற்குள் கோபம் ஆறிவிடும்.

பஸ் பார்சலில் ஒரு செடி அனுப்பியிருக்கிறேன். குச்சி மாதிரி இருக்கிறதே என்று ஏளனமாகப் பார்க்காதே. அது மர ஊமத்தை. கத்தரிக்காய், தக்காளி, மிளகாய் எல்லாம் அதற்குப் பங்காளிகள். தரையில் வளரும் ஊமத்தைப் பூ வானத்தைப் பார்த்து நிற்கும். இதன் பூ முழ நீளத்துக்குத் தலைகீழாகத் தொங்கும். அதிலும் என் செடியில் ஒரு பூவுக்குள் இன்னொரு பூ இருக்கும். உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிட ஒரு விரல் இறங்கி, ஓரம் சுருண்டு எட்டிப் பார்க்கும். மலர்ந்த அன்று வெளிர் மஞ்சள். மறுநாள் சாயங்காலம் செங்கல் நிறம், ஓரம் மட்டும் மஞ்சளாகவே நிற்கும். இரண்டு செடிகளை என் கையால் மணம் முடித்து, காய் பழுக்கக் காத்திருந்து, விதை போட்டு எடுத்த பூ. இப்படி ஒன்று வேறு யார் வீட்டிலும் கிடையாது. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதே. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

மலர்ச்செடி வளர்ப்போர் சங்கத்தில் இதைப் புது வகை என்று பதிவு செய்ய வேண்டும். என் வீட்டில் பூத்தால் மட்டும் போதாதாம். குச்சி நட்டு வளர்த்த செடி வேறு ஊரில், வேறொருவர் கையில், அச்சு அசலாக அதே பூவைப் பூக்க வேண்டும். அக்டோபர் முடிவதற்குள் அவர்களுடைய பரிசோதகர் அதை நேரில் பார்க்க வேண்டும். இரண்டு தடவை முயன்றாயிற்று. முதலில் வாங்கிப்போனவர் தண்ணீர் ஊற்ற மறந்து கொன்றார். அடுத்தவர் ஊற்றி ஊற்றியே கொன்றார். மூன்றாவது தடவையும் தவறினால் அந்தச் செடியை அவர்கள் இனி ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். அதனால்தான் உன்னை நம்புகிறேன்.

ஒன்றை மனதில் வை. இப்போது ஒற்றைத் தண்டாக வளரும். உன் நெஞ்சு உயரம் வந்ததும் கவண்கட்டை மாதிரி இரண்டாகப் பிரியும். அதுதான் கவை. கவைக்கு மேலேதான் பூக்கும். கீழே எத்தனை இலை விட்டாலும் மொட்டு வராது. இன்னொன்று: இலை, தண்டு, சாறு எல்லாமே விஷம். தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவு.

படிவத்தில் குச்சியை வளர்க்கப்போகிறவரின், அதாவது உன், தொழில் என்ன என்று கேட்டிருந்தார்கள். "சுயதொழில்" என்று எழுதிவிட்டேன். கட்டத்தில் இடம் போதவில்லை. பூவுக்கு என் தொழிலையே பெயராக வைத்துவிட்டேன், "மருந்துக்கடைக்காரி." எப்படி இருக்கிறது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


மார்ச் 2

அன்பு அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். மாமாவின் காலை நான் கேட்டதாகச் சொல்.

செடி பத்திரமாக வந்தது. வீட்டில் வெயில் கிடையாது, உனக்கே தெரியும். அதனால் கடையில் தெருவைப் பார்த்த கண்ணாடி ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறேன். காலை வெயில் முழுக்க அதற்குத்தான். வாடிக்கையாளர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் தங்கள் தலையை விட்டுவிட்டு அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். முன்னால் நரைத்து, பின்னால் வழுக்கை விழுந்த பெரியவர் ஒருவர், "இதுக்கு என்ன எண்ணெய் தம்பி போடற, இப்படி வளருது?" என்று கேட்டார். "நல்ல பேச்சு போடறேன் சார்" என்றேன். அடுத்த வாரமும் வந்துவிட்டார்.

பெயர் பிரமாதம். ஆனால் ஒரு சந்தேகம். மருந்துக்கடைக்காரி என்பதற்கு அந்தப் படிவத்தில் இடம் இருந்திருக்கிறது. சுயதொழில் ஐந்தெழுத்து. சலூன் மூன்றெழுத்துதான் அக்கா. சும்மா சொன்னேன். சிரித்துக்கொள்.

இப்படிக்கு
உன் தம்பி


மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். ஜன்னல் ஓரம் நல்ல இடம்தான். ஆனால் சாயங்காலம் பூத்தால் வாசனை தூக்கியடிக்கும், கதவைத் திறந்து வை. மூடிய அறையில் சிலருக்குத் தலை வலிக்கும்.

உன் குச்சியை எடுத்த தாய்ச்செடியைப் பற்றி இந்த வருஷம் தெருவில் ஆளாளுக்கு நிறுத்திக் கேட்கிறார்கள், நடக்கவிடுவதில்லை. நேற்று எண்ணினேன், முப்பத்தொரு பூ! அந்துப்பூச்சிகள் கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல் வந்து இறங்குகின்றன. பக்கத்து வீட்டு டீச்சர் மதில்மேல் கையூன்றி நின்று, "இது பிளாஸ்டிக் இல்லையே?" என்றாள். இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா?

சங்கத்திலிருந்து வரப்போகும் பரிசோதகர் ஒரு அம்மாள். கழுத்தில் எந்நேரமும் லென்ஸ் தொங்கும், அதனால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. போன வருஷம் என் செடியைப் பற்றி, "மருந்துக்கடையில சும்மா இருக்கற நேரத்துல வளர்த்ததுதானே, பார்ப்போம்" என்று யாரிடமோ சொன்னாராம். பார்க்கட்டும், பார்க்கட்டும். கவை விட்டதும் உடனே எழுது.

உன் அக்கா


மே 6

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உனக்கு இனிப்பான செய்தி. கவை விட்டுவிட்டது! நீ சொன்ன மாதிரியே என் நெஞ்சு உயரத்தில், கவண்கட்டை போல, இரண்டு கை. நான் வளர்த்த செடி என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். டீக்கடைக்காரரை இழுத்துவந்து காட்டினேன்.

ஒரே ஒரு குறை. வலது கை இடது கையைவிட நீளமாகப் போய்க்கொண்டிருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் கோணலாகத் தெரிகிறது. தொழில் புத்தி, கண்ணை உறுத்துகிறது.

உன் தம்பி


மே 24

அன்புத் தம்பிக்கு,

நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். கடிதத்தைக் கடையில் இருந்த எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இருமல் மருந்து வாங்க வந்தவர் இருமலை மறந்துவிட்டார்.

ஆனால் கேள். கோணலாக இருந்தால் இருக்கட்டும். தொடாதே. நீ செய்ய வேண்டியது எதுவும் செய்யாமல் இருப்பதுதான். மாமாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்திருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

அக்கா


ஜூன் 3

அன்பு அக்காவுக்கு,

செடி நலம். நாங்களும் நலம். மாமாவின் ஆபரேஷன் நல்லபடி முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் வரட்டுமா என்று போனில் கேட்டதற்கு நீ வேண்டாம் என்றாய். இப்போதும் ஒரு வார்த்தை சொன்னால் கிளம்பிவிடுவேன்.

உன்னிடம் ஒரு மருந்து கேட்க வேண்டும். சில நாட்களாக என் வலது கண்ணின் பாப்பா மட்டும் அகலமாகி, கறுப்பு வட்டமாக நிற்கிறது. வெளிச்சம் கூசுகிறது. தூரத்தில் பஸ் நம்பர் தெரிகிறது, கையில் இருக்கும் சீப்பு மங்கலாகத் தெரிகிறது. ஒரு காதோரக் கிருதாவை மறு காதோரக் கிருதாவோடு ஒத்துப் பார்க்க முடியவில்லை. கடையை மூடிவிட்டேன். உன் தம்பி பெண்டாட்டி என்னைப் பார்த்து, "ஒரு கண்ணால ஆச்சரியப்படற மாதிரியே இருக்கு" என்கிறாள். கண் டாக்டர் தலையில் அடிபட்டதா என்று கேட்டார். இல்லை. முடித் தூசி பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். சொட்டு மருந்து ஏதாவது உண்டா?

தம்பி


ஜூன் 9

தம்பிக்கு,

மருந்து வேண்டாம். கண்ணைக் கசக்காதே. வண்டி ஓட்டாதே. தானாகச் சரியாகிவிடும். மாமா நலம். மற்றது பிறகு.

அக்கா


ஜூலை 20

அன்பு அக்காவுக்கு,

கண் சரியாகிவிட்டது, நீ சொன்ன மாதிரியே. மாமா ஊன்றுகோலை விட்டாரா? உனக்கு உடம்பு எப்படி? அந்த நாலு வரி அட்டைக்கு அப்புறம் உன்னிடமிருந்து மூச்சே இல்லை. நீ கத்தினால் நான் தாங்குவேன். சும்மா இருந்தால் தாங்க மாட்டேன். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

உன் "தொடாதே" வருவதற்கு முந்தின நாள் தொட்டுவிட்டேன்.

வலது கை நீளமாக இருந்ததா? நுனியை மட்டும் லேசாக எடுத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். இப்போது இடது கை நீளம். அதில் கொஞ்சம். திரும்ப வலது. கிருதா வெட்டும்போது இப்படித்தான் ஆகும் அக்கா. புதிதாகத் தொழில் பழகுகிறவன் இரண்டு பக்கமும் சமமாக்குகிறேன் என்று மாற்றி மாற்றி எடுத்து, கடைசியில் காதுக்கு மேலே போய் நிற்பான். எத்தனை வருஷ அனுபவம் எனக்கு! நானும் அங்கேதான் போய் நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் கவையே இல்லை. ஒற்றைக் குச்சி, மொட்டைத் தலை. உன் அந்தக் "கண்ணைக் கசக்காதே"யைப் படித்தபோதுதான், அன்று கையைக் கழுவாமல் கண்ணைத் துடைத்தது ஞாபகம் வந்தது.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "சம்மர் கட்டா?" என்றார். அடிக்கப் போனேன்.

உன் மானத்தை நான் வாங்கிவிட்டேன். தெருவெல்லாம் பெருமை பேசியவன் இப்போது ஜன்னல் பக்கம் திரும்பாமலே வேலை செய்கிறேன். மொட்டைக் குச்சி பக்கத்தில் துளிர்க்கிறது, ஆனால் அக்டோபருக்குள் இன்னொரு கவை வராது என்று எனக்கே தெரிகிறது. வெட்டிய துண்டுகளைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. கண்ணாடி முன்னால் ஒரு ஜாடித் தண்ணீரில் போட்டு வைத்தேன். அடியில் வெள்ளை வெள்ளையாக ஏதோ முளைக்கிறது. அழுகலா, வேரா?

ஒன்று கேட்கவா? மார்ச்சில் முப்பத்தொரு பூ என்று எண்ணி எழுதினாய். அதற்கு அப்புறம் ஒரு பூவைக்கூட நீ எண்ணவில்லை. அங்கே என்ன ஆயிற்று?

உன் தம்பி


ஆகஸ்ட் 1

அன்புத் தம்பிக்கு,

மாமா ஊன்றுகோல் இல்லாமல் கேட் வரை நடக்கிறார். நானும் நன்றாகவே இருக்கிறேன்.

உன் கண்ணைப் பற்றிப் படித்ததுமே நீ செடியை வெட்டியிருக்கிறாய் என்று புரிந்துவிட்டது. அந்தச் சாற்றில் இருப்பதைத்தான் கண்ணைச் சோதிக்கும்போது பாப்பா விரியச் சொட்டுகிறார்கள். என் கடையில் மேல் தட்டில் இருக்கிறது. நான் கண்டுபிடிக்க மாட்டேன் என்றா நினைத்தாய்? வெளுத்து வாங்க வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

ஆனால் அன்று காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து மாமாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தேன். நாங்கள் இல்லாத வாரத்தில் மழை அடித்துப் பின்பக்க மதில் முழுசாகச் செடிமேல் விழுந்திருக்கிறது. டீச்சர் பாவம், உதவி என்று நினைத்து ஆள் வைத்து, இடிபாட்டையும் செடியையும் சேர்த்து லாரியில் அள்ளி அனுப்பிவிட்டாள். வேரோடு போயிற்று. ஒரு குச்சிகூட மிஞ்சவில்லை. "இடத்த சுத்தமாக்கிட்டேன் பாருங்க" என்று சிரித்துக்கொண்டு நின்றாள். நான் நன்றி சொன்னேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால், உன்னிடம் இருப்பதுதான் கடைசி என்று பயந்து உனக்குத் தூக்கம் போய்விடும் என்று நினைத்தேன். நீ ஏற்கெனவே வெட்டிவிட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். உன்னைத் திட்ட எனக்கு வாயும் இல்லை, மனசும் இல்லை. அதனால்தான் பேசாமல் இருந்தேன்.

இன்று உன் கடிதத்தில் ஜாடி என்ற வார்த்தையைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

அது அழுகல் இல்லையடா மடையா, வேர்! இப்போதே போய் அந்தத் துண்டுகளின் இலையைத் திருப்பிப் பார். காம்போடு இலை சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் முடிந்தால் அது கவைக்குக் கீழே உள்ள துண்டு. ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழே இறங்கியும் கோணலாக இருந்தால், அது கவைக்கு மேலே விளைந்தது. கவைக்கு மேலே விளைந்த துண்டு தன் வயசை மறக்காது. திரும்ப நெஞ்சு உயரம் வளர வேண்டியதில்லை. முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடும். கோணல் இலை உள்ளதை எல்லாம் ஆளுக்கொரு தொட்டியில் நடு. நிறைய உரம், நிறையத் தண்ணீர், காலை வெயில். கத்தரியை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகாதே. அந்த இலைக் கோணலையும் சமமாக்கிவிடாதே, உன் கையைப் பிடித்துக் கும்பிடுகிறேன்.

அந்த ஜாடியில் இருப்பதுதான் இப்போது என் செடி.

அக்கா


அக்டோபர் 14

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் நலம், நலம், நலம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், குறுக்கே பேசாதே.

இலைகள் கோணல்தான். நான்கு துண்டு நட்டேன், மூன்று பிழைத்தன. பவுடர் டப்பாக்கள் வைக்கும் பலகையைக் காலி செய்து, பெரிய கண்ணாடி முன்னால் வரிசையாக வைத்தேன். போன வாரம் ஒன்றில் மொட்டு இறங்கியது. செடி என் முழங்கால் உயரம்தான், மொட்டு மட்டும் முழ நீளம். ஐந்து மொட்டு அக்கா. முதல் பூ விரிந்த சாயங்காலம் நான் ஒருவருக்குப் பாதி முகம் சவரம் செய்திருந்தேன். மஞ்சளாக ஒன்று, அதற்குள்ளிருந்து இன்னொன்று இறங்கி, நுனி சுருண்டு... கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அவர் பாதிச் சோப்பு முகத்தோடு எழுந்துவந்து பக்கத்தில் நின்று பார்த்தார்.

மறுநாள் உன் பூதக்கண்ணாடி அம்மாள் வந்தார். வாசலிலேயே நின்று படிவத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.

"சுயதொழில்னு போட்டிருக்கு?"

"கத்தரிதாம்மா என் சுயதொழில்."

"செடி இவ்வளவு குள்ளமா இருக்கே? கவை எங்க?"

"அது மேல் மாடியிலேயே பிறந்ததும்மா. படி ஏற வேண்டியதில்ல" என்றேன். இலையைத் திருப்பிக் கோணலைக் காட்டினேன். லென்ஸை வைத்துப் பார்த்தார். முதல் தடவையாக என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அப்புறம் பூ. பலகை தாழ்வு, பூ அதற்கும் தாழத் தொங்குகிறது. உள்ளே பார்க்க வேண்டுமென்றால் தரையில் மண்டியிட வேண்டும். அந்த அம்மாளுக்கு இடுப்புப் பிடிப்பு, குனிய முடியவில்லை. "உள் அடுக்கு ஒட்டியிருக்கா, தனியா இருக்கான்னு பார்க்காம கையெழுத்து போட முடியாது" என்றார். தொட்டியை உயரத் தூக்கினால் பூ உதிர்ந்துவிடும், பூவை நிமிர்த்தினால் கிழிந்துவிடும்.

பழக்கதோஷம், கை தானாகப் போயிற்று. முடி வெட்டி முடித்ததும் பின்மண்டையைக் காட்டுவதற்கு வைத்திருக்கும் கைக்கண்ணாடியை எடுத்து, பூவுக்கு அடியில் பிடித்தேன். உள்ளே இருப்பது அத்தனையும் கண்ணாடியில் தெரிந்தது: வெளி அடுக்கு, தனியாக உள் அடுக்கு, நடுவில் மகரந்தம். கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று திருப்பித் திருப்பிக் காட்டினேன். தினமும் நாற்பது தலைக்குக் கேட்கிற கேள்வி வாயில் வந்துவிட்டது.

"சரியா இருக்காம்மா?"

அவர் கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "சரியா இருக்கு. ரொம்ப சரியா இருக்கு" என்றார். சாயங்காலம்வரை நாற்காலியிலேயே உட்கார்ந்து, மஞ்சள் செங்கல் நிறமாகிறதா, ஓரம் மஞ்சளாகவே நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். போகும்போது, "உங்க அக்கா லேசுப்பட்ட ஆள் இல்ல" என்றார். "எங்க வீட்டுல யாருமே லேசுப்பட்டவங்க இல்லம்மா" என்றேன். வேண்டுமென்றே தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

பின்பக்கக் குழியைத் தயார் செய். கடையை இரண்டு நாள் மூடிவிட்டு, இரண்டாவது தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானே பஸ்ஸில் வருகிறேன்.

உன் தம்பி


நவம்பர் 9

அன்புத் தம்பிக்கு,

மாமா சுகம், நான் சுகம், நீ வந்து நட்ட செடியும் சுகம். புது மதிலை மாமா ஒரு கை தள்ளித்தான் கட்டச் சொல்லியிருக்கிறார். டீச்சர் தினமும் வந்து, தான் அதைத் தொடவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

சங்கத்துக் கடிதம் வந்துவிட்டது. ஏற்றுக்கொண்டார்கள்! பூதக்கண்ணாடி தன் கைப்பட ஒரு வரி சேர்த்திருக்கிறார்: இத்தனை வருஷத்தில் ஒரு பூவின் உள்பக்கத்தை இவ்வளவு வசதியாகப் பார்த்ததில்லையாம். கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். மருந்து வாங்க வருகிறவர்கள் அதைப் படித்து முடிக்கும்வரை சீட்டைக் கையில் வாங்க மாட்டேன். "யாரு வளர்த்தது?" என்று கேட்கிறார்கள். "என் தம்பி. சலூன் வெச்சிருக்கான். அவன் வெட்டினா செடிகூட பூக்கும்" என்கிறேன். நேற்று ஒருத்தர் முடி வெட்டிக்கொள்ள உன் விலாசம் கேட்டார். பஸ்ஸில் அரை நாள் ஆகும் என்றேன். பரவாயில்லை என்கிறார்.

புத்தகத்தில் ஏற்றுவதற்கு முன் பூவின் பெயரைக் கடைசியாக ஒரு தடவை உறுதி செய்து அனுப்பச் சொல்லிப் புதுப் படிவம் வந்தது. பழைய பெயரை அடித்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய்.

"சலூன்காரர்" என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அதே அளவுக் கட்டம்தான். இடம் போதுமா என்று பார்த்தேன். தாராளமாக இருந்தது.

உன் அக்கா